பாதித் தாங்கித் தண்ணீரும் மடுல்கெல்ல வளைவுகளும்

போன வருஷம், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து, கண்டி டவுனில் கடைகள் சோம்பலாகத் திறந்துகொண்டிருந்த வாரம். வத்தேகமையிலிருந்து பன்விலை வழியாக மடுல்கெல்லவுக்கு ஏறும் ரோட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் கைகள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி தானாக இறுகிக்கொள்ளும். அடுத்த நொடியே சிரிப்பும் வரும்.

நான் கண்டியில் பல வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டியவள். வாவிக்கரை நெரிசலில் நுழைந்து நெளிந்து, பெல் அடிக்குமுன் பிள்ளைகளை கேட்டில் இறக்கிவிடுவதுதான் என் பிழைப்பு. என் கணவர் ஒரு சுற்றுலா ஹோட்டலில் சமையல்காரர். அந்த ஹோட்டல் மூடப்பட்டபோது, இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்ட ஒரு முடிவை எடுத்தோம். வேனை விற்று, சேமிப்பையும் போட்டு, ஒரு மோட்டார் ஹோம் வாங்கினோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நான் ஓட்டுவேன், அவர் சமைப்பார், ஊர் பார்க்க வருகிறவர்களை மலைநாடு முழுக்கக் கூட்டிப்போவோம் என்பது கணக்கு.

மாவனல்லைப் பக்கம் ஒரு பட்டறையில் செய்து தந்தார்கள். அதன் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் பல காலம் வாகன வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வேலையில் சுத்தம், பேச்சில் மரியாதை. ஒரு வருஷ வொரண்டியும் தந்தார். வண்டியைப் பார்க்க எங்கள் தெருவே திரண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே ஏறினார். 'வீட்டு வேன்' என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்.

ஆனால் முதல் நாள் கடுகண்ணாவை ஏற்றத்திலேயே எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை. வளைவில் திருப்பினால் வண்டி சாய்கிறது, சரி, உயரமான வண்டி. ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும் பின்பக்கம் மட்டும் இன்னொரு தரம் ஆடுகிறதே, அது ஏன்? பின்னால் யாரோ தோளால் முட்டித் தள்ளுகிற மாதிரி இருந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார் முதலாளி.

"உயரமான வாகனம்தானே தங்கச்சி, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஓடிப் பழகினா எல்லாம் சரிவரும்."

எனக்கு ஓட்டப் பழக வேண்டுமாம்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆனால் திரும்பி வரும்போது, என்ன மாயமோ, வண்டி அடக்க ஒடுக்கமாகத்தான் வந்தது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இதற்கிடையில் எங்கள் முதல் முன்பதிவு வந்தது. கனடாவிலிருந்து ஒரு குடும்பம். அந்த அம்மா மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கணவரோடும் சின்ன மகளோடும் வந்து, பிறந்த இடத்தைப் பார்த்து, அந்த மலையிலேயே ஓரிரவு தங்க ஆசைப்பட்டார். போனை வைத்ததும் என் கணவர் சமையலறையில் நின்று ஒரு ஆட்டமே போட்டார். நான், எதற்கும் ரோட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன். அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒத்திகைப் பயணம் கிளம்பினோம்.

வண்டியின் தண்ணீர்த் தாங்கி நிறையப் பிடித்துக்கொண்டு போனோம். வழியில் வண்டியை நிறுத்தி, இவர் சமைத்து, பாத்திரம் கழுவி, நான் குளித்தும் பார்த்தேன். எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே! மழை இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. இவர் முன் சீட்டில் உட்கார்ந்து, கனடாக்காரர்களுக்கு என்ன சமைப்பது என்று சத்தமாகக் கனவு கண்டுகொண்டு வந்தார்.

பன்விலை தாண்டி ஒரு கொண்டை வளைவு. மேலேயிருந்து பஸ் ஒன்று வேகமாக இறங்கி வந்தது. வழி விட நான் இடதுபக்கம் ஒதுங்கி, உடனே நேராக்கினேன். வண்டி கேட்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம் பஸ்ஸை உரசுகிற மாதிரி வீசியது, மறுபடி பள்ளத்துப் பக்கம். உள்ளே அலுமாரிக் கதவு திறந்து தட்டுகள் விழுந்து நொறுங்கின. "ஐயோ, பிடி! பிடி!" என்று இவர் கத்தினார். பிரேக்கைக் குத்தியிருந்தால் வண்டி புரண்டிருக்கும். காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, முன்னால் ரோடு கொஞ்சம் அகன்ற இடத்துக்குள் ஊர்ந்துபோய் நிறுத்தினேன். பின் சக்கரம், மழைத் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானின் விளிம்பில் நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான்.

பஸ்ஸும் நின்றது. டிரைவர் ஓடி வந்து, எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு போனார்.

எஞ்சினை நிறுத்தினேன். அந்த அமைதியில்தான் அது கேட்டது. களக்... களக்... களக். வண்டி அசையாமல் நிற்கிறது, ஆனால் எங்களை மட்டும் யாரோ தொட்டிலில் வைத்து ஆட்டுகிற மாதிரி இருக்கிறது.

"என் வயித்தைத்தான் கலக்குது," என்றார் இவர், பாவமாக.

"வயிறு இல்லைங்க! தண்ணி! தாங்கித் தண்ணி!"

பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குதித்து இறங்கி வண்டிக்குப் பின்னால் ஓடினேன். பின் சக்கரங்களுக்கும் பின்னால், வாலில் தொங்குகிற மாதிரி பொருத்தியிருந்த பெரிய தாங்கி. நிறைய இருந்தால் தண்ணீர் அசையாது. காலியாக இருந்தால் பிரச்சினையே இல்லை. பாதி இருக்கும்போதுதான் அது உள்ளே அலையடித்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் வாலைப் பிடித்து வீசுகிறது. பட்டறையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அடியில் பார்க்க வண்டியைத் தூக்குமுன் அவர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். நான் அன்று திரும்பி வந்ததும் காலித் தாங்கியோடுதான். எனக்கு ஓட்டத் தெரியும்! நடுரோட்டில் நின்று அதைச் சத்தமாகச் சொன்னேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

தண்ணீரைத் திறந்துவிட்டு மெல்ல வீடு வந்து சேர்ந்ததும் முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் நம்பவில்லை. தாங்கியில் ஒழுக்கு, வெடிப்பு இருந்தால் வொரண்டியில் மாற்றித் தருவேன், அதில் எவ்வளவு தண்ணீர் வைத்திருப்பது என்பது உங்கள் பாடு என்கிற மாதிரி பேசினார். நான் சண்டை போடவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு நாள் கண்டிக்கு வாங்க. நான் ஓட்டுறேன், நீங்க பின்னால உட்காருங்க. அதுக்கப்புறமும் குறை இல்லைன்னு சொன்னா, நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். "ஓம், வாறன். நாளைக்கே வாறன்."

சொன்னபடி வந்தார். நான் தாங்கியைப் பாதி நிரப்பி வைத்திருந்தேன். அதே ரோடு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேகத்துக்கு மேல் ஒரு இடத்திலும் போகவில்லை. முதல் வளைவில் கண்ணாடியில் பார்த்தேன், மனிதர் கால்மேல் கால் போட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவில் கால் இறங்கிவிட்டது. மூன்றாவதில் ஒரு கை அலுமாரியில், ஒரு கை ஜன்னலில். அடுத்ததில் சீட்டிலிருந்து வழுக்கிப் போய், கழுவும் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டுங்கோ தங்கச்சி! நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். அவர் ஏதாவது சாக்குச் சொன்னால் திருப்பிக் கொடுக்க, ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்த பதில்கள் நாக்கு நுனியில் தயாராக நின்றன.

ஆனால் அவர் தரையில் மண்டியிட்டு, காதை வைத்து அந்தக் களக் களக்கைக் கேட்டார். இறங்கிப் போய் மதகுச் சுவரில் உட்கார்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. தலை சுற்றுகிறதாக்கும் என்று இவர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட வண்டிக்கு மட்டுமில்லை. நான் செய்து குடுத்த எல்லா வண்டிக்கும் இதே தாங்கிதான். இதே இடத்திலதான்."

அடுத்த நிமிஷம் போனை எடுத்துவிட்டார். அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில், நல்ல சப்பாத்துக் காலோடு, மேட்டுக்கு ஏறி ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். ஒவ்வொருவராக அழைத்தார், சிங்களத்திலும் தமிழிலுமாக. ஒருவரின் வண்டி வீட்டில் நின்றது. இன்னொருவர் கடற்கரைப் பக்கம் நிறுத்தியிருந்தார். மூன்றாவது ஆள் போனை எடுத்ததும் முதலாளியின் குரல் மாறியது. அந்த ஆள் மனைவி பிள்ளைகளோடு நுவரெலியாவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, அந்த நேரத்தில் ரம்பொடை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்தே வண்டி ஆடுகிறது, காற்றாக்கும் என்று நினைத்தோம் என்றாராம். இரண்டு நாள் தங்கியிருக்கிறார்கள் என்றால் தாங்கி எப்படி இருக்கும்? பாதி!

உடனே ஓரமாக நிறுத்துங்கள், தாங்கிக் குழாயைத் திறந்துவிடுங்கள் என்று முதலாளி சிங்களத்தில் கத்தினார். பாதியில் லைன் அறுந்தது. மறுபடி அடித்தார், போகவில்லை. மறுபடி, மறுபடி. என் கணவர் வாய்க்குள் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பஸ்ஸும், கானின் விளிம்பும், அதற்கு அந்தப் பக்கத்து வெற்றிடமும் கண் முன்னால் வந்து நின்றன. எங்கள் வண்டியில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். அங்கே பிள்ளைகள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. போன் அடித்தது. முதலாளி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. ரோட்டோரக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்திவிட்டார்கள், தண்ணீர் கான் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் இறங்கி சோளம் சாப்பிடுகிறார்கள்!

நான் கை தட்டிக் கத்தியே விட்டேன். என் கணவர் முதலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேயிலைக்கு நடுவில் நாங்கள் மூன்று பேரும் குதித்ததை யாராவது பார்த்திருந்தால் கிறுக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வொரண்டியில இருக்கோ இல்லையோ எண்ட கதை இனி வேண்டாம். பிழை என்ர. எல்லா வண்டியையும் நானே திருத்தித் தாறன்."

எங்கள் வண்டிதான் முதலில் பட்டறைக்குப் போனது. பழைய தாங்கியைக் கழற்றி எறிந்தார்கள். அலையடிக்க முடியாதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்துப் புதுத் தாங்கி செய்து, அதை வாலில் தொங்கவிடாமல் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில், தரைக்கு அடியில் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி, குலுக்கல் தாங்க நல்ல ஷொக், புது ஸ்பிரிங். ஒவ்வொன்றையும் பூட்டும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மறுபடி மடுல்கெல்ல ரோடு. பாதித் தண்ணீர்தான், வேண்டுமென்றே. முதலாளி பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஆட்டம் தெரிகிறதா என்று படுத்தால்தான் தெரியுமாம். அந்தக் கொண்டை வளைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது, அவ்வளவுதான். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி!

"அண்ணே, எப்படி?" என்று கத்தினேன்.  இவர் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாவம், எத்தனை நாள் தூக்கமோ.

கனடாக் குடும்பம் வந்தது. அந்தச் சின்ன மகள், நாங்கள் மலை ஏறிக்கொண்டிருக்கும்போதே மேசையில் படம் வரைந்து நிறம் தீட்டிக்கொண்டு வந்தாள். கோடு தாண்டவே இல்லை என்று அவள் அம்மா என்னிடம் காட்டினார். எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். என் கணவர் செய்த கோழிக்குழம்பைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

சில வாரம் கழித்து, ரம்பொடை இறக்கத்தில் வந்தவர் முதலாளியிடம் நம்பர் வாங்கி எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார்.  அந்த நன்றி எனக்குரியது இல்லை. அன்று நான் மலை ஏறியது என் வண்டிக்காக, என் முன்பதிவுக்காக, சொல்லப்போனால் என் ஓட்டத்தைக் குறை சொன்னவருக்குப் பாடம் காட்டுவதற்காக. என் வண்டியைச் சரிசெய்து தந்திருந்தால் நான் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பேன். வேறு வண்டிகள் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தோற்றுப்போய் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்குத்தான் முதலில் அது வந்தது. இப்போதெல்லாம் எங்கேயாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து, என்னுடையது சரியாகிவிட்டது என்று நிம்மதியாகும்போது, இதே குறையோடு தெரியாமல் வேறு யாராவது எந்த இறக்கத்திலாவது போய்க்கொண்டிருப்பார்களோ என்று மனம் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடங்குகிறது.