உள்ளங்கைச் சீனி

சவரிமுத்து அண்ணன் போன செய்தி வந்தபோது என் வீட்டு முற்றத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு நானும் இருந்தேன், நானும் அழுதேன் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நான், அன்னம்மா. மீன் கழுவிக்கொண்டிருந்த என் மகள் ரெஜினா. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு நபீசா. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மூச்சு வாங்க நின்ற மீன்காரன் நிமால். அவ்வளவுதான். அண்ணனின் கூடப்பிறந்த தங்கை ரோசலின் அங்கே இல்லை. அவள் வீடு அண்ணன் வீட்டுக்கு அந்தப் பக்கத்து வளவு, என் வீடு இந்தப் பக்கம். அவளுக்கும் நாங்கள்தான் ஆள் அனுப்பினோம்.

“அம்மே, சவரி ஐயா எழும்பல்ல,” என்றான் நிமால். “மணி அடிச்சேன், அடிச்சேன். கதவு தொறந்துதான் கெடக்கு. ஐயா கதிரையில சாஞ்சபடி…” அதற்கு மேல் அவனுக்குத் தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை. நபீசா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கோயில் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி பொடியன்கள் வந்து கேட்டார்கள். “கஷ்டப்பட்டு வாழ்ந்த பெரியவர் எண்டு ரெண்டு பக்கம் எழுதுங்க ஆச்சி” என்றார்கள். கஷ்டப்பட்டவரா? யார் சொன்னது? எத்தாளையிலிருந்து முனை வரைக்கும் தேடினாலும் அந்த மனிதரைப் போல நன்றாக வாழ்ந்தவரை நான் கண்டதில்லை. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். கதையைத் திருத்தாதீர்கள்.

அவருக்குக் களப்பில் ஒரு சின்னத் தோணி, கையில் வலை பொத்துகிற வேலை. மனைவி லூசியா இளவயதிலேயே போய்விட்டாள், பிள்ளை இல்லை. கோயிலுக்குப் போக ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அந்த ஒன்றைத் தானே துவைத்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயப்போடுவார். சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் தேய்ப்பார். நம் ஊர் ஆம்பிளைகள் அலுமாரி நிறையச் சட்டை வைத்துக்கொண்டு கோழி கிளறின குப்பை மாதிரிப் பூசைக்கு வருவார்கள். அவர் உள்ளே வரும்போது மாப்பிள்ளை வருகிறார் என்று நினைக்கத் தோன்றும். அந்தத் திமிர் அவருக்கு இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

சூடை மீன் குவியலாகப் பட்டு விலை விழுந்து கிடக்கிற நாளில் கரைவலைக்குப் போய்க் கூடை நிறைய வாங்கி வருவார். உப்பும் கொறுக்காய்ப் புளியும் போட்டு மண்சட்டியில் அடுக்கி, மாதக்கணக்கில் கெடாமல் ஊறும்படி ஜாடி வைப்பார். கச்சான் காற்று எழும்பி, ஒருவரும் கடலுக்குப் போக முடியாத மாதங்களில், அந்தச் சட்டியைத் திறப்பார். குழம்பு வாசம் ரோட்டுக்கு வரும். அந்த மாதங்களில் நம் சனம் என்ன செய்யும்? கடைக்குப் போய் டின்மீன் வாங்கும். கடல் இரையும் சத்தம் காதில் விழ விழ, எந்தத் தேசத்துக் கடலிலோ பிடித்துத் தகரத்தில் அடைத்த மீனை வெட்டித் தின்கிற சனத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ரோசலின் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். அவளுடைய மகன் இத்தாலியில். மாபிள் தரை, பெரிய பிரிட்ஜ், எல்லாம் இருக்கிறது. “அண்ணா, உங்கட சட்டி நாத்தம் எங்கட ஹோலுக்குள்ள வருது,” என்றாள்.

“என்ட நாத்தம் சட்டியோட நிக்குது, தங்கச்சி,” என்றார் அவர். “நீ உன்ட நாத்தத்தப் பிரிட்ஜுக்குள்ள பூட்டி வச்சு, அதுக்குக் கரண்ட் பில்லும் கட்டுறாய்.”

நான் வேலியோரம் நின்று வயிறு நோகச் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த நாக்கு என்னையும் விடவில்லை. மீன் தலையை நான் பூனைக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, வலை இழுக்கும் இடத்தில் இவ்வளவு சனத்துக்கு முன்னால், “நம்மட ஊரில நல்லாச் சாப்பிடுறது அன்னம்மா வீட்டுப் பூனைதான்” என்றார். அந்தத் தவக்காலம் முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை. உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து, ஒரு சட்டியில் தலைக்கறி வைத்து மூடிக் கொண்டுவந்து தந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கறி நன்றாக இருந்தது. அன்றிலிருந்து என் பூனை வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தை இன்றைக்கும் முழுதாக விட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆள் போய்விட்டதால் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

இனிச் சீனிக் கதைக்கு வருகிறேன். அவர் தேத்தண்ணி குடிக்கிற விதம் உங்கள் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றும் தெரியாது. போனில் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

வெறும் தேத்தண்ணியைச் சாயம் நன்றாக இறங்கும்படி ஊற்றுவார். மூன்று விரலால் ஒரு சிட்டிகை சீனி எடுத்து இடது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே இருக்கிற குழியில் வைப்பார். நம் ஊர்க் காற்று சும்மா விடாது. அதனால் பறக்காமல் இருக்கப் பெருவிரலால் மெல்ல ஓர் அழுத்து. பிறகு நாக்கு நுனியால் கொஞ்சம் தொட்டுக்கொண்டு ஒரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அவருடைய தாய் சின்ன வயதில் அவரையும் ரோசலினையும் வாசற்படியில் இருத்தி இப்படித்தான் கையில் வைத்துக் கொடுப்பாளாம். “கோப்பையில போட்டாத் தண்ணிதான் இனிக்கும், அன்னம்மா. நாக்கில வச்சாத்தான் நான் இனிப்பன்,” என்பார். நீங்கள் நாலு கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, பிறகு சர்க்கரை வியாதிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறீர்கள். இனிப்பைக் கண்டவர் அவர்தான்.

காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் நாடே தெருவில் நின்ற வருசத்தில், அவருடைய வீட்டுக் கோடிப்புறத்தில் அடுப்பெரிக்கத் தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. எஞ்சின் போட்ட படகெல்லாம் கரையில் காய்ந்து கிடக்க, அவர் தோணியைக் கம்பால் ஊன்றிக்கொண்டு களப்புக்குப் போய் வந்தார். அதுவரை அவரை நப்பி, கஞ்சன் என்று சொன்ன வாய்கள் அப்போது “அண்ணன், ரெண்டு சிரட்டை தருவீங்களா” என்று கேட்டன. கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

அந்த வருசத்தில்தான் உதவிக் கூட்டங்கள் முளைத்தன. கஷ்டம் ஓரளவு தீர்ந்த பிறகும் அவை தீரவில்லை. போன வருசம் பட்டணத்திலிருந்து ஒரே நிறச் சட்டை போட்ட பொடியன்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சாமான் பொதி கொடுக்க ஏழைகளைத் தேடினார்களாம். தேடிப் பிடிக்க வேண்டிய பொருள் போல. அவர்களை நேரே அண்ணன் வாசலுக்குக் கூட்டி வந்தவள் ரோசலின்.

அண்ணன் அப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் வேலியில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பொடியன் போனை நீட்டினான்.

“ஐயா, ஏன் சீனியக் கையில வச்சிருக்கீங்க?”

அண்ணனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார். “இருங்க தம்பி, சொல்றன்,” என்று தொண்டையைச் செருமினார்.

அவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற ரோசலின் சொன்னாள். “சீனிக்கு வழியில்ல தம்பி. தேத்தண்ணிக்குப் போட்டுக் குடிக்கக்கூட இல்ல. நக்கி நக்கித்தான் குடிக்கிறார், பாவம்.”

அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது. அந்த முகத்தைத்தான் போன் பிடித்தது. அதைத்தான் உலகம் பார்த்தது.

“அடியே ரோசலின், என்ன பொய்யடி சொல்றாய்!” என்று நான் வேலிக்கு மேலால் கத்தினேன்.

“அம்மா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, ரெக்கோட் ஆகுது,” என்றான் அந்தப் பொடியன்.

அண்ணன் பெயரில் ஒரு பொதி. ஏழை அண்ணனைப் பார்த்துக்கொள்கிற தங்கை என்று சொல்லி இன்னொரு பொதி. அவர் தன்னுடையதைப் பிரிக்காமலே கோயில் வாசலில் கொண்டுபோய் வைத்தார். மற்றது மாபிள் தரைக்குப் போனது.

அதற்குப் பிறகு அவர் கடைக்குக் காசோடு போனார், கடைக்காரர் வாங்கவில்லை. “வைங்க ஐயா, வைங்க. உங்ககிட்டப் போய் வாங்குவனா?” என்று சாமானைக் கையில் திணித்தார். அண்ணன் சாமானையும் வைத்துவிட்டு, காசையும் எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார். கடைக்காரர் நல்ல மனுசர்தான். நல்ல மனுசர் செய்கிற அநியாயத்துக்கு எங்கே போய் முறையிடுவது?

திருநாளுக்கு அவர் வழக்கம்போல வெள்ளைச் சட்டையில் வந்தார். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் குசுகுசுத்தார்கள்.

“இவருக்கா பாவம் பாத்துக் குடுத்தாங்க? சட்டையப் பாருங்களேன்.”

“எல்லாம் நடிப்பு.”

நான் திரும்பினேன். பிரசங்கம் முடியும்வரை பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியாரும் கண்டார். ஆனால் அண்ணனுடைய காதிலும் அது விழுந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அவர் கசங்கிய சட்டையோடு வந்தார்.

நான் கடைசியாக அவர் வீட்டுக்குப் போனது முருங்கைக்காய் கொடுக்க. உள்ளே டக் டக் என்று ஒரு சத்தம். இவ்வளவு காலத்தில் அந்த வீட்டில் நான் கேட்டிராத சத்தம். எட்டிப் பார்த்தேன். கோப்பையில் சீனி போட்டுக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணா இது?”

“எல்லாரும் குடிக்கிற மாதிரிக் குடிப்பம், அன்னம்மா. ஒருத்தருக்கும் ஒரு கதையும் வராதே.”

“இனிக்குதா?”

கோப்பையைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். “தண்ணி இனிக்குது,” என்றார்.

சாவீட்டுக்கு எல்லாரும் வந்தீர்கள். அந்தப் பட்டணத்துக் கூட்டமும் மலர்வளையத்தோடு வந்தது. அவருடைய பெயர் சின்ன எழுத்தில், அவர்களுடைய பெயர் பெரிய எழுத்தில். ரோசலின் பெட்டியில் தலையை மோதிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். “சீனி இல்லாத தேத்தண்ணி குடிச்சே போயிட்டியே, என்ட அண்ணா!” வந்த சனம் மூக்கைச் சிந்தியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்துத் தட்டத்தோடு வந்தாள். எல்லாருக்கும் தேத்தண்ணி, பக்கத்தில் கிண்ணம் நிறையச் சீனி. “அன்னம்மாக்கா, எத்தன கரண்டி?” என்றாள்.

“கோப்பையில போடாத,” என்றேன். “கையில வை.”

இடது கையை நீட்டினேன். அவள் கரண்டியை எடுத்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாள். என் உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே இருக்கிற குழியில், சரியாக அந்த இடத்தில் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்கப் பெருவிரலால் மெல்ல ஓர் அழுத்து அழுத்தினாள். அவளுடைய விரல் ஒன்றையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். தீயில் பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணனுடைய ஜாடிச் சட்டியை அன்றே நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், அவள் குப்பையில் போடுவதற்கு முன்னால். அயன்பெட்டியும் என்னிடம்தான் இருக்கிறது. என் பேரன்மாரின் சட்டைகள் இனிக் கஞ்சி போட்டுத்தான் கோயிலுக்கு வரும். விடியற்காலையில் ரோட்டைப் பார்த்துக் கதிரையைப் போட்டு, உள்ளங்கையில் சீனி வைத்து, எல்லாரும் காணத் தேத்தண்ணி குடிக்கிறேன். பாவம் என்று ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். அண்ணன் சொன்னது உண்மை. நாக்கில் வைத்தால் ஆள்தான் இனிக்கிறது, என்னைப் போன்ற புளித்த ஆளும்.

அறியாமல் செய்தவர்களை மன்னிக்க வேண்டும் என்று கோயிலில் சொல்கிறார்கள். சரி. போன் பிடித்த பொடியன்களுக்கு அறிவில்லை, மன்னித்தேன். கடைக்காரருக்கு நல்ல மனது, மன்னித்தேன். பூசையில் எனக்குப் பின் வாங்கில் இருந்து குசுகுசுத்த இரண்டு பேரையும், அவர்களுடைய சட்டைகளைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டேன். அறிந்தே செய்தவள் ஒருத்தி இருக்கிறாள். தாயின் கை அவளுடைய கையில் சீனி வைத்தது, அதே கையால் அண்ணனை இந்த ஊருக்குப் பிச்சைக்காரனாகக் காட்டிக் கொடுத்தாள். நான் சாகும் மட்டும் அவளை மன்னிக்கமாட்டேன். அவள் பெயர் ரோசலின்.