காக்க வைக்காத வட்டு

ராட்காவுக்குக் காத்திருப்பது என்றாலே எட்டிக்காய். செக் நாட்டின் பிர்னோ நகரில் டிராம் கொஞ்சம் தாமதித்தால் போதும், திட்டிக்கொண்டே நடக்கத் தொடங்கிவிடுவாள். மத்தியானம் ரொட்டியைக்கூட ஜன்னலோரம் நின்றபடி விழுங்குவாள். இப்படிப்பட்டவள் கையில் போய், கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரை எழுதக் கொடுத்திருந்தார்கள்.

பெரிய சர்வருக்குள் வெறும் நிரலாக வாழும் மெய்நிகர் கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுவது அதுதான். அசல் கணினி என்றால் தகவலைச் சேமிக்கும் வட்டு சுழன்று வேகம் பிடிக்கும்வரை பொறுக்க வேண்டும். இங்கே வட்டு என்று நடிப்பது ஒரு கோப்பு. "இல்லாத வட்டு சுத்துறதுக்கு நாம ஏன் நிக்கணும்?" என்று ராட்கா அந்தக் காத்திருப்பையெல்லாம் வெட்டி எறிந்தாள். கணினி ஒரே நொடிக்குள் எழுந்தது. அந்த ஒரு நொடியில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

மலைப்பக்கத்து ஆம்புலன்ஸ் மையம் ஒன்று தன் பழைய நிரலை அந்த மெய்நிகர் கணினிக்கு மாற்றியது. அழைத்தவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் வீட்டை வரைபடத்தில் காட்டும் நிரல். காலையில் பழைய பெட்டியை அணைத்தார்கள், புதியதைக் கிளப்பினார்கள். திரை கறுப்பாகவே நின்றது. பழையதையே திரும்பப் போடலாம் என்றால், வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடிய அதன் வட்டு டிக் டிக் என்றதோடு சரி.

மையத்தின் ஷிப்ட் பொறுப்பாளர் யார்மிலா ராட்காவிடம் போனில் கத்தினார். "என்னம்மா, எந்திரிக்குமா எந்திரிக்காதா? லோத்தாவுல ஒருத்தர் விழுந்து கிடக்காராம். அவர் சம்சாரம் லோத்தான்னு சொன்னதோட லைன் போச்சு. திரும்பப் போட்டா எடுக்கலை. எங்க பக்கம் அந்தப் பேர்ல மூணு ஊர் இருக்கு. வண்டி முக்குல நிக்குது!"

 ராட்கா காரணத்தைப் பிடித்துவிட்டாள். பழைய நிரல் வட்டிடமிருந்து முதலில் "பொறு", பிறகு "தயார்" என்று இரண்டு பதில்களை எதிர்பார்த்தது. அசல் வட்டு எப்போதும் அப்படித்தான் சொல்லும். அவளுடைய வட்டோ எடுத்த எடுப்பில் "தயார்" என்றது. வராத "பொறு"வுக்காக நிரல் உட்கார்ந்திருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் புத்தம்புது இயங்குதளங்களை வைத்தே சோதித்திருந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை.

"நம்ம பழைய ஃபர்ம்வேரைப் போட்டுடேன்," என்றான் மேலாளர் ஹினெக்.

"அது இந்த சர்வர்ல ஓடாது. புதுசையே 'பொறு'ன்னு சொல்ல வச்சிடுறேன்."

"அசல் வட்டு மாதிரியே முழு நேரமும் 'பொறு'ன்னு சொல்ல விடு. பத்து நொடி ஆனா ஆகட்டும்."

"பத்தா? கால் நொடி போதும்."

"ராட்கா, விளையாடாத."

"எனக்குத் தெரியும், சும்மா இரு."

கால் நொடி வைத்து, ஃபர்ம்வேரைத் தொகுத்து, மையத்துக்கு அனுப்பினாள். அதற்கே சில நிமிடங்கள் ஆயின. மீண்டும் கறுப்புத் திரை. அந்தக் கிழட்டு நிரல் வட்டைப் பார்க்க வருவதற்குள் கால் நொடி கடந்து போயிருந்தது.

"வண்டி இன்னும் அங்கயேதான் நிக்குது," என்றார் யார்மிலா. இப்போது அவர் கத்தவில்லை.

ராட்கா பத்து நொடி வைத்தாள். மறுபடி தொகுப்பு, மறுபடி அனுப்பல். கடைசியில் அவளே வைத்த பத்து நொடியும் ஓடி முடிய வேண்டியிருந்தது. அவள் ஒவ்வொரு நொடியாக எண்ணினாள். திரையில் வரைபடம் விரிந்தது.

"மேல லோத்தா! வண்டிய மேல திருப்பச் சொல்லுங்க!" என்று யார்மிலா யாரிடமோ அலறியது கேட்டது.

சாயங்காலம் யார்மிலாவே அழைத்தார்.

"உயிருக்கு ஆபத்து இல்லை. பக்கவாதம். வலது கை வரலை. இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா கை தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னார்." சற்று நிறுத்தினார். "நீங்க முதல் தடவை சரி பண்ணி அனுப்பினப்போ வரைபடம் ஏம்மா வரலை?"

ஹினெக் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"முழுசா பத்து நொடி விட்டிருந்தா வந்திருக்கும். எங்க மேலாளர் சொன்னான், நான்தான் கேக்கலை. என்னோட ஒரு நொடி கெட்டுப்போகுமேன்னு குறைச்சு வச்சேன்."

மறுமுனையில் யார்மிலா கேட்டார்:

"இதை அவர் சம்சாரத்துகிட்ட நேர்ல வந்து சொல்வீங்களா?"

ராட்கா பேனாவை எடுத்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.