பிள்ளைக்காம்பரா மரகதம் அக்கா

புளத்கொகுபிட்டிய பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது, மரகதம் அக்காவோடு ஒரே வீட்டில் இருக்கும் சோமலதாவிடமிருந்து அழைப்பு வந்தது. அன்று கிளினிக் நாள். தடுப்பூசிப் பெட்டி என் கையில் இருந்தது.

"மிஸ்ஸி, மரகதம் எந்திரிக்கல்ல. தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டுக் கூப்புட்டேன். பேசல்ல. கையப் புடிச்சுப் பாத்தேன், குளிந்து போயிருக்கு மிஸ்ஸி."

அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. சிங்களத்தில் எதையோ சொல்லி அழுதார். பெட்டியை உடன் வந்த தாதியிடம் ஒப்படைத்துவிட்டு, தோட்டத்துக்கு ஏறும் முச்சக்கர வண்டியைத் தேடி ஓடினேன்.

மரகதம் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். அதை ஆயுளின் பெரும்பகுதி நடத்தியவர் அவர். நான் கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, குடும்பநல மருத்துவமாதாக இங்கே வேலைக்கு வந்தவள். மாதந்தோறும் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்க அவருடைய இடத்துக்குத்தான் போவேன்.

முதல் தடவை போன அன்று, தராசின் தொட்டிலைக் கண்டதும் ஒரு பிள்ளை வீறிட்டது. அதைப் பார்த்து மற்றவையும் தொடங்கிவிட்டன. நல்ல பருமனான உடம்புக்காரரான மரகதம் அக்கா முன்னால் வந்து, "மிஸ்ஸி, மொதல்ல என்னய நிறுங்க. அவங்க பாக்கட்டும்" என்றார். கொக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தொங்குவதுபோல முழங்காலை மடக்கி, "ஐயோ, விழுகப் போறேன்!" என்று கண்ணை உருட்டினார். அழுத பிள்ளைகள் அப்படியே வாய் திறந்தபடி நின்று, பிறகு சிரிக்கத் தொடங்கின. அன்று எல்லோரையும் நிறுத்து முடித்தேன்.

அவருக்குப் பாட வராது. அவர் தாலாட்டினால் தூங்குகிற பிள்ளையும் விழித்துவிடும். அதனால் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு தாயிடமும் அவள் உடுத்திய பழஞ்சேலைத் துண்டொன்றை வாங்கி அந்தந்தப் பிள்ளையின் தொட்டிலில் போட்டு வைப்பார். "அம்மா வாசன இருந்தா எம்பாட்டு தேவையில்ல" என்பார்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனபோது, வழக்கம்போல, "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நானும் சோமாவும்."

"சொந்தமா?"

"சொந்தந்தான்" என்றார். என் முகத்தை நேராகப் பார்த்து, "புருசன் பொண்டாட்டி எப்படியோ, அப்படி" என்றார்.

சோமலதா பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ரப்பர் பால் வெட்ட வந்தவர். மெலிந்த, பேச்சுக் குறைந்த பெண். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் மரகதம் அக்காவோடு பழக்கமாகி, பிறகு அவருடனேயே தங்கிவிட்டார். அவர்கள் இருவரும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததே ஏற்றுக்கொண்டதாகும் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த வேளையில் தன் கதையைச் சொன்னார். சின்ன வயதிலேயே அவருடைய மனது பெண்கள் பக்கம்தான் போயிருக்கிறது. வீட்டார் கண்டுபிடித்ததும் பூசாரியிடம் கொண்டுபோய்க் கயிறு கட்டினார்கள். பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். கடைசியில், கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள்.

"அவரு நல்ல மனுசன் மிஸ்ஸி. ஒரு நாளும் கை நீட்டினதில்ல. என்னய சொகப்படுத்துற மருந்துன்னு அவரக் கொண்டாந்து கட்டி வச்சாங்க. பாவம், ஒரு மனுசன் மருந்தா இருந்து என்னா செய்ய முடியும்? நானே அவருகிட்ட உண்மையச் சொன்னேன். அழுதாரு. பொறகு வேற கல்யாணம் கட்டிக்கிட்டாரு. நல்லா இருக்காரு."

இது நோயல்ல, குணப்படுத்த வேண்டியதும் இல்லை என்று நான் படித்திருந்தேன். ஆனால் நோய் என்று நினைத்துச் செய்யும் வைத்தியம் எத்தனை பேரைக் காயப்படுத்தும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர் பிரச்சினை வந்தது. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பரமசிவம் என்ற இளந்தகப்பன், தொலைபேசியில் எதையெதையோ பார்த்துப் பயந்துபோயிருந்தார். கோயில் முன்றலில் கூட்டம் கூட்டினார். மரகதம் அக்காவும் வந்து நின்றார்.

"அக்கா, ஒங்க மேல எனக்குத் தனிக் கோவம் இல்ல. ஆனா எம்மக ஒங்ககிட்ட வளருது. பாத்துப் பழகி அவளும் அப்படி ஆகிட்டா நாங்க என்னா செய்றது?"

"தம்பி, என்னய வளத்தது ஒரு அப்பாவும் ஒரு அம்மாவும். சுத்தி இருந்த அத்தன வீட்லயும் புருசன் பொண்டாட்டிதான். அதையே பாத்துத்தானே நானும் வளந்தேன். நான் ஏன் அவங்கள மாதிரி ஆகல்ல?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வயதான ஒருவர், "இதெல்லாம் வெள்ளக்காரன் கொண்டாந்த பழக்கம்" என்றார்.

"வெள்ளக்காரன் ரப்பர் மரத்தக் கொண்டாந்தான் மாமா. நம்ம பாட்டன் பூட்டனக் கொண்டாந்தான். என்னய மாதிரி ஆளுங்கள ஜெயில்ல போடுற சட்டத்தையும் அவன்தான் எழுதி வச்சிட்டுப் போனான். எம்மனச மட்டும் அவன் கொண்டாரல்ல."

பிறகு பரமசிவத்தின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு நீ பயப்படுறது சரிதான். யாருகிட்ட விட்டாலும் வந்து பாக்கணும். எங்கதவு தொறந்துதான் கெடக்கு, எந்த நேரமும் வா. ஆனா நான் சோமாவோட குடும்பம் நடத்துறேங்கிறதுக்காக என்னயப் புள்ளைங்களுக்குக் கெடுதல் செய்றவன்னு சொல்லாத தம்பி. அத மட்டும் என்னால தாங்க முடியல்ல."

நானும் பேசினேன். பிள்ளைக்குத் தீங்கு செய்வது ஒரு குற்றம். ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் அடுத்த வாரமே முறைப்பாடு ஆபீசுக்குப் போனது. தோட்டத்தை நடத்தும் துரை விசாரிக்காமலே அவரைப் புல் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்.

நான் அவர் புல் வெட்டும் மலைக்குப் போய்ப் பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வேல கஷ்டமில்ல மிஸ்ஸி. புல்லு அழாது, சிரிக்காது. அதுதான் கஷ்டமா இருக்கு."

அவருக்குப் பதிலாக வந்தவர் மோசமானவர் இல்லை. ஆனால் பிள்ளைகளை அவருக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைக்குக் கஞ்சியில் உப்புப் போடக் கூடாது, எது கவிழ்ந்து படுத்தால்தான் தூங்கும் என்பது தெரியாது. ஒருநாள் காலை, லெட்சுமி என்ற பால் வெட்டும் பெண் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றத் தாய்மாரும் போய் உட்கார்ந்தார்கள். அன்று அவர்கள் யாரும் பால் வாளியைத் தொடவில்லை.

"நானே மரகதம் அக்கா மடியில வளந்தவ சேர்" என்று துரையிடம் சொன்னாள் லெட்சுமி. "எனக்குப் புருசன் இருக்காரு, புள்ள இருக்கு. எனக்கு என்னா ஒட்டிக்கிச்சு? எங்க புள்ளையப் பாத்துக்கிறது யாருன்னு நாங்கதானே சொல்லணும்?"

வராந்தாவில் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அழுத அழுகையில் துரையால் தொலைபேசியில்கூடப் பேச முடியவில்லை. மத்தியானத்துக்கு முன் மரகதம் அக்கா மலையிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கே திருப்பி அழைக்கப்பட்டார்.

பரமசிவம் மட்டும் தன் மகளை மாமியார் வீட்டில் விட்டுவைத்தார். நீண்ட நாட்கள் கழித்து, ஒரு மழைக்காலக் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் நின்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி, "காச்சல் இல்லதானே? பால் குடிச்சாளா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு உறவினர் கையொப்பம் வேண்டுமென்றார்கள். சோமலதா பேனையை எடுத்தார்.

"நீங்க யாரு?"

படுக்கையிலிருந்து மரகதம் அக்காதான், "இவதான் என் வீட்டு ஆளு" என்றார். அந்தச் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. வரக்காப்பொலயிலிருந்து தம்பி பெருமாள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நோய்க்காரருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு முட்டும் என்று ஒன்றும் பெருமாளுக்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சோமலதாவைத் திரும்பிப் பார்த்தார். கையொப்பம் மட்டும் அவருடையது.

சம உரிமை என்றால் ஏதோ தலைகீழான உலகத்தைக் கேட்கிறார்கள் என்று பயப்படுபவர்களுக்கு அந்த வார்டைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். அந்தப் பெண்கள் கேட்டது ஒரு கையொப்பம். குற்றவாளிகள் என்ற பெயரில்லாமல் ஒரே வீட்டில் வயதாகும் உரிமை. இதை எழுதும் நாளிலும் சட்டத்தில் அந்தப் பழைய வரிகள் அப்படியே இருக்கின்றன.

அந்தச் சத்திரசிகிச்சையில் பிழைத்து வந்தவர்தான் இப்போது தூக்கத்திலேயே போய்விட்டார். செத்த வீட்டன்று பெரியவர்கள் வழக்கப்படி பேசினார்கள். பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. முதல் பிடி மண் தம்பிதான் போட வேண்டும். வெள்ளை உடுத்தியிருந்த சோமலதா சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். பெட்டியைத் தூக்கியபோது அந்தக் கையை யாரோ விலக்கப் பார்த்தார்கள்.

பெருமாள் தடுத்தார். வார்டில் அன்று அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது. இப்போது சோமலதாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அக்கே, நீங்களும் வாங்க. நான் எங்க அக்காவுக்குத் தம்பி மட்டுந்தான். மொதப் பிடி மண்ணு நீங்க போடுங்க."

லெட்சுமி சோமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றத் தாய்மாரும் பின்னால் நடந்தார்கள். நானும் நடந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறும் அந்தப் பாதையில் பெண்கள் சவத்தோடு போவதை நான் பார்த்தது அதுவே முதல் முறை. சோமலதா மண்ணை அள்ளினார். உடனே போடவில்லை. விரல்களால் அதிலிருந்த சிறு கற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மெதுவாகப் போட்டார்.

திரும்பி வந்து பீலித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு அவர் வெறும் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். அப்போது பரமசிவத்தின் மனைவி வந்து, பிறந்து சில மாதங்களே ஆன தன் இளைய மகனை அவருடைய மடியில் வைத்தாள்.

"சோமாக்கா, ஒலையில அரிசி கெடக்கு. கொஞ்சம் வச்சிருங்க."

குழந்தை ஈரக் கூந்தலைப் பிடித்து இழுத்தது. சோமலதா அதன் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார்.

போயிட்டு வாங்க, மரகதம் அக்கா. உங்கள் வீட்டு ஆளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.