அம்மா தள்ளிய புஷ்புஷ் வண்டி

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் அம்மாவை "மதாம்" என்றே அழைத்து வந்தீர்கள். இளையவர்கள் அதை ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்திருக்கலாம். பிரெஞ்சு துரைசானிகளை அழைக்கும் அந்தச் சொல், அம்மாவுக்குக் கேலியாகக் கிடைத்த பெயர். அம்மா அதைப் பட்டமாக மாற்றிக்கொண்டார். எப்படி என்பதை, மூத்த மகள் என்ற முறையில், நான்தான் எழுத வேண்டும்.

அம்மா பிறந்தது வில்லியனூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில். ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் பத்து வயதிலேயே மாட்டு வண்டி ஓட்டக் கற்றார். முதலியார்பேட்டையில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அப்பாவின் பிழைப்பு புஷ்புஷ் வண்டி. அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னால் நின்று ஒருவர் தள்ளுவார். உள்ளே உட்கார்ந்திருப்பவர், முன் சக்கரத்தோடு இணைந்த இரும்புக் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். தள்ளுகிறவருக்கு வழி பாதிதான் தெரியும். துரைமார்களும், பத்திரம் எழுதும் நோத்தேர் ஆபீஸில் முசே என்று அழைக்கப்பட்ட கனவான்களும் கம்பியைப் பிடிக்க, ஊரெல்லாம் தள்ளினார் அப்பா.

ஆடி வெள்ளியில் வீராம்பட்டினத்தில் தேர். அன்று பள்ளிக்கூடம் கிடையாது, ஊரே கிளம்பும். அப்பா அடுத்தவர் பிள்ளைகளைத் தேருக்குக் கொண்டுபோவார். அவர் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். பள்ளியில் எல்லாரும் "வடம் புடிச்சியா?" என்று கேட்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "வருஷா வருஷம் புடிப்பேன்" என்று அளந்துவிட்டேன். அந்தக் கதை எப்படியோ அம்மா காதுக்கு வந்தது. அடி விழும் என்று சுவரோரம் ஒண்டினேன்.

அம்மா அடிக்கவில்லை. "சொல்லிட்ட இல்ல? அத நெசமாக்கிட்டாப் போவுது. இந்த வருசம் நீ வடம் புடிக்கிற" என்றார்.

அது ஐம்பத்தைந்தாம் ஆண்டு. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி முடிந்த மறு ஆடி. அப்பா தயங்கினார். "தேரன்னைக்குத்தான் சவாரியே. புள்ளைங்கள வேற நாள்ள கூட்டிப்போறேன்."

"வேற நாள்ள தேர் ஏதுங்க? புள்ளைங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வண்டி ஏறினோம். மூன்று வயதுத் தம்பி அம்மா மடியில், ஏழு வயதுத் தங்கையும் ஒன்பது வயது நானும் இருபுறமும். கம்பி அம்மா கையில். தெருமுனையில் நின்றவர்கள் விடவில்லை. "மதாம் வர்றாங்க, வழி வுடுங்க. புருசன் தள்ள, பொண்டாட்டி குந்திக்கினு போற சவாரிய பாரு." அப்பா தலை குனிந்தார். அம்மா முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

முருங்கப்பாக்கம் தாண்டி, ஆற்றுப் பாலம் தாண்டி, அரியாங்குப்பம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. புஷ்புஷ் கம்பியில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கம்பியை வலப்பக்கம் தள்ள வேண்டும். மாட்டு வண்டியில் இடப்பக்கம் போக இடக் கயிற்றைத்தான் இழுப்பார்கள். அம்மா இதை முதல் நாளே அப்பாவிடம் கேட்டு மனத்தில் பதித்திருந்தார். ஆனால் வீராம்பட்டினம் பிரிவுக்கு வந்தபோது, தேருக்குப் போகிற மாட்டு வண்டி ஒன்று சலங்கை குலுங்க எங்களோடு சேர்ந்து வந்தது. அந்தச் சத்தத்தில் அம்மாவின் கை பிறந்த ஊருக்குப் போய்விட்டது. "எடப்பக்கம் திருப்பு" என்று அப்பா சொல்ல, அம்மா கம்பியை இடப்பக்கம் இழுத்தார். வண்டி வலப்பக்கம் பாய்ந்து பள்ளத்தில் ஒரு சக்கரத்தை விட்டது. நாங்கள் கவிழாமல் தாங்கிப் பிடித்த அப்பாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

மாட்டு வண்டிக்காரர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டுப் போனார். அப்பாவால் காலை ஊன்ற முடியவில்லை. "திரும்பிடலாம்" என்றார். என் பொய் பொய்யாகவே நின்றுவிடும் என்று நினைத்தேன். அழக்கூட இல்லை, அவ்வளவு அவமானம்.

அம்மா புடவையை இழுத்துச் செருகினார். "தப்பு எம்மேல. ஏறுங்க."

"நானா?"

"பின்ன, நொண்டிக்கினே வருவீங்களா? கம்பிய புடிங்க."

வருடக்கணக்காகத் தள்ளிய வண்டியில் அப்பா அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தார். யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல நுனியில் உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே கம்பியை மாற்றி இழுத்து வண்டியை வேலியில் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னாலிருந்து அம்மா, "இத்தினி வருசம் ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்த ஆளா நீங்க?" என்றார். அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மணல் பாதையில் வண்டி நகர்வதாயில்லை. அம்மாவின் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. எங்கள் தெருக்காரர் ஒருவர், காலையில் கேலி செய்தவர்தான், ஓடி வந்து "வுடும்மா, நான் தள்றேன்" என்றார். அம்மா நிற்கவே இல்லை.

"எம்புள்ளைங்கள நான் தள்றேன். நீ வழிய வுடு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேர் கடைசித் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் கூட்டத்துக்குள் இழுத்துப்போய், என் கையைப் பிடித்து வடத்தில் வைத்தார். நார் உள்ளங்கையில் குத்தியது. தேர் அசைந்தது. அதை அசைத்தது நான்தான் என்று இன்றும் நம்புகிறேன். திங்கட்கிழமை பள்ளியில் வடத்தைப் பற்றிச் சொல்லவே மறந்துபோனேன். வண்டி தள்ளிய அம்மாவைப் பற்றித்தான் பேசினேன்.

அதன்பின் எந்த விடுமுறையும் எங்களுக்கு வாசலில் கழியவில்லை. கடற்கரைச் சாலை, பிள்ளைச்சாவடி, ஆடி வந்தால் தேர். அறுபத்திரண்டில் அப்பா சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மாறும்வரை போகும்போது அப்பா தள்ளுவார், வரும்போது அம்மா. யாராவது "மதாம்" என்றால், "ஆமா, மதாம்தான்" என்பார்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா இட்லிக் கடை வைத்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். ஒரு நாளும் கலங்கி நாங்கள் பார்த்ததில்லை. கடைசி இரண்டு ஆண்டுகள் சக்கர நாற்காலி. மாலையில் கடற்கரைக்குத் தள்ளிப்போவோம். கம்பி இல்லாத வண்டியிலும் கையை நீட்டி, "எடப்பக்கம்" என்று உத்தரவு போடாமல் இருந்ததில்லை.

அம்மாவின் உடல்நலத்தைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. இறுதி ஊர்வலத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்த வண்டியைத் தம்பியோடு சேர்ந்து நானும் தங்கையும் தள்ளப் போனபோது, பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் சிலர் தடுத்தீர்கள். அப்போது நான் சொன்னதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "எங்கம்மாவ நாங்க தள்றோம். நீங்க வழி வுடுங்க" என்றேன்.

வழிவிட்ட அனைவருக்கும் நன்றி.