வடகடலில் வாங்கிய பாண்

என் தம்பி துடுப்பு வலித்து உலக சாதனை செய்யப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முப்பது வருடமாக நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பிள்ளைகள் இரண்டு பேர். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. அந்த வயதில் ஐந்து வெள்ளைக்காரருடன் சேர்ந்து, அந்த நாட்டின் வடக்கு முனையிலிருந்து இன்னும் வடக்கே இருக்கிற பனித்தீவு வரைக்கும், எஞ்சினும் பாயும் இல்லாமல் வலித்தே போகப் போகிறானாம். முன்பு போனவர்களைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தால் இவர்களுடைய பெயர் சாதனைப் பட்டியலில் ஏறும். அங்கே கடைகளில் எஞ்சின் விற்பதில்லையா என்று கேட்டேன். அவன் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாங்கள் குருநகர்க் கரையில் பிறந்தவர்கள். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் எங்கள் வள்ளத்தின் எஞ்சின் வருடக்கணக்காகச் சாக்கில் சுற்றி அறை மூலையில் கிடந்தது. அப்பா முன்னால், தம்பி பின்னால் இருந்து இரண்டு பேரும் வலித்துத்தான் தொழிலுக்குப் போனார்கள். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளிக்கும். அம்மா எண்ணெய் பூசிவிடுவா. நான் பக்கத்தில் இருந்து துணி கிழித்துக் கொடுப்பேன். வேறு வழியில்லாமல் செய்ததை இப்போது ஆட்கள் ஆசைப்பட்டுச் செய்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வலிக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும். விடியப்புறத்தில் வள்ளம் கண்ணுக்குத் தெரிய முன்னமே, துடுப்புத் தண்டு வள்ளத்துக் கட்டையில் உரசுகிற சத்தம் கரைக்கு வந்துவிடும். பத்து வள்ளம் வந்தாலும் எங்களுடையதை நான் பிரித்துச் சொல்லுவேன். அப்பா ஒரே சீராக வலிப்பார். தம்பி கரையைக் கண்டதும் பசியில் அவசரப்படுவான், சத்தம் இடறும். உடனே நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழஞ்சோற்றைப் பிழிந்து வைப்பேன். அந்த நாட்களில் எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்க இப்போது என்ன கேட்டாலும் கொடுப்பேன்.

அந்தக் குழுவுக்குத் தலைவி ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், தம்பியுடைய தொழிற்சாலையில்தான் வேலை. ஒருநாள் அங்கே கடலில் அவன் வள்ளம் வலித்ததைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் களைக்கிறாரே இல்லை, எங்கே பழகினார் என்று கேட்டாளாம். மண்ணெண்ணெய் இல்லாத ஊரில் என்று இவன் சொல்லியிருக்கிறான். இரண்டு மணித்தியாலம் மூன்று பேர் வலிக்க மற்ற மூன்று பேரும் படுக்க வேண்டும், பிறகு மாற வேண்டும். இரவு என்பதே இல்லாத மாதம், சூரியன் மறையாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். முக்கியமான சட்டம் ஒன்று: புறப்படும்போது வள்ளத்தில் உள்ளதைத் தவிர, வழியில் யாரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. அப்படி வாங்கினால் அது சாதனை இல்லை.

நான் ஊறுகாய், மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் கட்டி அனுப்பினேன். பாரம் கூடிவிடும் என்று தலைவி ஊறுகாயையும் தூளையும் வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். பனங்கட்டியை மட்டும் ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, சரி கொண்டு வா என்றாளாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அவர்கள் புறப்பட்ட நாளிலிருந்து என் கையில் தொலைபேசிதான். வள்ளம் எங்கே நிற்கிறது என்று ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். என் மகள்தான் பார்க்கப் பழக்கிவிட்டாள். முதல் நாள் நானும் அவளும் பார்த்தோம். இரண்டாம் நாள் பக்கத்து வீடு. மூன்றாம் நாள் ஒழுங்கைச் சனம் முழுவதும் எங்கள் வாசலில். கடலுக்குப் போய்த் தலை நரைத்த ஆண்கள் எல்லாரும் அந்தப் புள்ளிக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்கள். நீரோட்டம் இழுக்குது, கொஞ்சம் கிழக்காலை பிடிக்கச் சொல்லு என்பார் ஒருவர். வாடைக்காற்று எழும்பினால் திரும்பத்தான் வேணும் என்பார் இன்னொருவர். எதிர்வீட்டு அண்ணை மட்டும் யோசித்துவிட்டு, வாடை வடக்கிலை இருந்தல்லோ வாறது, அவங்கள் வடக்கு முடியிற இடத்திலை நிக்கிறாங்கள், அங்காலை எங்கையிருந்து காத்து வரும் என்று கேட்டார். அரை மணித்தியாலம் அதைப் பற்றியே பேச்சு. சண்டைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் அத்தனை பேர் ஒன்றாக இருந்து சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான். பாதி வீடுகள் வெளிநாட்டுக்காரருடையவை, பூட்டித்தான் கிடக்கும். அவர்கள் போய்ச் சேரும் வரைக்கும் ஒழுங்கை பழைய ஒழுங்கையாக இருந்தது.

எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை மறித்து மறித்துச் சொன்னேன். பங்குச் சுவாமியாரிடம் சொல்லி மன்றாட்டில் சேர்த்தேன். சந்தையில் மீன் வாங்கப் போனால் நானாகவே பேச்சை எடுப்பேன். ஆறாம் நாள் ஒரு பொம்பிளை, "அக்கா, உங்கடை தம்பி போய்ச் சேர்ந்திட்டாரோ, இல்லாட்டி இண்டைக்கும் வலிக்கிறாரோ?" என்று நக்கலாகக் கேட்டாள். அவளிடம் பிறகு நான் மீன் வாங்கவில்லை.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புள்ளி பனித்தீவைத் தொட்டது. முன்பு போனவர்களைவிட அரை நாள் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பொடியன்கள் சீனவெடி கொளுத்தினார்கள். நான் ஒழுங்கை முழுவதும் கற்கண்டு கொடுத்தேன். மாலைப் பூசையில் சுவாமியார் அறிவித்தபோது எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைகால் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் தம்பி எடுத்தான். குரல் கரகரத்திருந்தது. வாழ்த்துச் சொல்ல விடாமல், ஒரு பிழை விட்டிட்டன் அக்கா என்றான்.

ஏழாம் நாள் கடுமையான பனிப்புகார். பத்து முழத்துக்கு அங்கால் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புகாருக்குள்ளிருந்து ஒரு மீன்பிடிப் படகு மெதுவாக வந்து பக்கத்தில் நின்றிருக்கிறது. மேலே ஒரு கிழவர். இந்தக் குளிருக்குள் ஒரு சின்ன வள்ளத்தில் ஆட்கள் வலிப்பதைப் பார்த்துப் பதறிப்போய், உள்ளே ஓடி, அப்போதுதான் சுட்ட கோதுமைமாப் பாண் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து குனிந்து நீட்டினாராம். தலைவி நன்றி சொல்லி, வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கிழவருக்கு விளங்கவில்லை. பின்னால் இருந்த என் தம்பியிடம் நீட்டினார். அவன் வாங்கிவிட்டான்.

எங்கள் கரையில் பிறந்தவன் வாங்காமல் என்ன செய்வான்? கடலில் இரண்டு வள்ளம் சந்தித்து ஒருவன் நீட்டினால், மற்றவன் பசி இருக்கோ இல்லையோ வாங்க வேண்டும். தந்தவன் பார்க்க ஒரு வாயாவது தின்ன வேண்டும். தன்னிடம் உள்ளதில் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால், நாளைக்கு நீ தவித்தாலும் என்னிடம் வராதே என்று சொன்னதற்குச் சமம். கரையில் ஒருவருடன் ஒருவர் முகம் பார்க்காத குடும்பங்கள்கூடக் கடலில் இதை மீறுவதில்லை. தம்பி பாணைப் பிய்த்துத் தின்றான். நான் அனுப்பிய பனங்கட்டியில் மிஞ்சியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். கிழவர் அதை மணந்து பார்த்து, சிரித்து, கையைக் காட்டிவிட்டுப் புகாருக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவன் மற்றவர்களுடைய முகங்களைப் பார்த்திருக்கிறான்.

இப்போது ஆறு பேரும் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். வழியில் யாரையும் நெருங்கவில்லை, யாரிடமும் எதுவும் பெறவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. ஒருவர் வைக்காவிட்டாலும் சாதனை இல்லை. ஒரு துண்டுப் பாணால் வள்ளம் வேகமாக ஓடிவிடவில்லைத்தானே என்று நாலு பேர் வைத்துவிட்டார்கள். தலைவி மட்டும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் நீ முடிவு செய், நான் உன்னை வற்புறுத்த மாட்டேன் என்றாளாம். மூன்று வருடம் இதற்காகவே உழைத்தவள். சொல்லும்போது அழுதுவிட்டாளாம்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கிளாக்கராக இருந்தவள். என் தொழிலே கையெழுத்து வாங்குவதுதான். எட்டரைக்கு வந்துவிட்டு ஏழரை என்று போட்ட ஆசிரியர்களுக்குப் பேனையை நீட்டியவளே நான். கையெழுத்து என்பது வேலை நடக்க வேண்டும் என்பதற்காகப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதோடு சுவாமியார் அறிவித்தாயிற்று, கற்கண்டும் கொடுத்தாயிற்று. சந்தையில் அந்தப் பொம்பிளையின் முகம் வேறு கண்ணுக்குள் வந்தது.

"வைச்சுவிடு," என்றேன். "ஒரு துண்டுப் பாணுக்காக ஆறு பேரின்ரை உழைப்பைக் கடலுக்குள்ளை போடப் போறியோ?"

 

"அப்பா ஒருக்கா இப்பிடி வைச்சவர் அக்கா," என்றான்.

அவனும் அப்பாவும் காற்றில் அள்ளுப்பட்டு இரண்டு நாள் வராமல் இருந்தது எனக்கும் நினைவிருந்தது. நானும் அம்மாவும் கரையில் கிடந்தோம். மூன்றாம் நாள் வந்தபோது, மழைத்தண்ணி குடிச்சுத் தப்பினம் என்றார் அப்பா. முப்பது வருடத்துக்கு மேலாக அதைத்தான் நம்பியிருந்தேன். மழையே பெய்யவில்லை என்று தம்பி இப்போது சொன்னான். இந்தியப் பக்கத்து அக்கரையிலிருந்து தொழிலுக்கு வந்த ஒரு வள்ளக்காரர்தான் இவர்களைக் கண்டு கிட்ட வந்திருக்கிறார். ஒரு கலன் தண்ணீரும், தன்னுடைய சோற்றில் பாதியும் தந்திருக்கிறார். தம்பிக்கு நாக்கு வீங்கியிருந்ததால் தானே கையால் பருக்கினாராம். திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அப்பா தன் இடுப்புக் கத்தியைக் கொடுத்தார். அப்போது அக்கரை வள்ளங்களுடன் பேசினாலே பிடித்துக்கொண்டு போவார்கள். கரைக்கு வந்ததும் காவல் நின்றவர்கள் மேசையில் கொப்பியை விரித்து, வழியில் யாரையாவது கண்டாயா என்று கேட்டார்கள். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா என்ன சொல்லுவார்? ஒருவரையும் காணவில்லை என்று கையெழுத்து வைத்துவிட்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். இது பாவமே இல்லை, பிள்ளையைக் காப்பாற்றச் செய்தது என்று சுவாமியார் தேற்றி அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்கு ஆறவில்லை. தம்பி நோர்வேக்குப் போகிற அன்று அவனைத் தனியே கூப்பிட்டு, எங்களுக்குத் தண்ணி தந்தவனை இல்லையெண்டு எழுதிக் குடுத்திட்டனடா என்று சொல்லி அழுதாராம். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நான் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், பொய்யாக எழுதிக் கொடுத்தது என் மூலமாகப் பிடிபட்டுவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

"அப்பாவுக்குப் பயம் இருந்தது, வைச்சார்," என்றான் தம்பி. "எனக்கு என்ன பயம் இருக்கு? நான் வைச்சால் அந்தக் கிழவன் பாண் தரேல்லை எண்டல்லோ ஆகும்."

 எனக்கு அழுகை வந்தது. வைக்காதை என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிய, நானே வாசலில் நின்று ஒவ்வொருவராக மறித்து, சாதனை இல்லை, தம்பி வழியில் பாண் வாங்கிவிட்டான் என்று சொன்னேன். கடலுக்குப் போகிறவர்கள் ஒருவரும் ஏன் வாங்கினான் என்று கேட்கவில்லை. எதிர்வீட்டு அண்ணை, திருப்பி என்ன குடுத்தவன் என்று மட்டும் கேட்டார். பனங்கட்டி என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தலைவி தம்பியுடன் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள். அவர்களுடைய பயணம் வேறொரு பட்டியலில், உதவி பெற்ற பயணங்களுக்குக் கீழே இருக்கிறது. என் மகள் அந்தப் பக்கத்தை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். ஆறு பெயர்கள், நாட்கள், பிறகு ஒரே ஒரு வரி: ஏழாம் நாள், மீன்பிடிப் படகு ஒன்றிடமிருந்து ஒரு பாண் பெறப்பட்டது.

அந்தக் கிழவருக்கு அவ்வளவாவது இருக்கிறது. என் அப்பாவுக்கும் தம்பிக்கும் தண்ணீர் தந்தவரைப் பற்றி எந்தக் கொப்பியிலும் இல்லை. இருப்பது, காணவில்லை என்று அப்பா வைத்த கையெழுத்து மட்டும்தான். அவருடைய பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாரோ என்றும் தெரியாது. அப்பா அவரைக் கண்டவர். தண்ணீர் வாங்கிக் குடித்தவர். அதை எழுதி வைக்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.