முதல் துண்டு எனக்கு

பஸ் டிப்போவில் அவளை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்கள் நாலு பேர் தொங்கியும் கழலாத சக்கர நட்டை ஒரே மிதியில் கழற்றுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் நுழைந்தால் பெட்டிப்பாம்பு. வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

விடுமுறை நாள் விடிந்தால் கணவனின் அண்ணன் தன் மனைவியோடு வந்து இறங்கிவிடுவார். அவருக்கு ஸ்பானரின் கையால் பிரெஞ்சு டோஸ்ட் வேண்டும். அதுவும் சும்மா இல்லை. முந்தின நாளே வாங்கிக் காயவிட்ட ரொட்டி, பாலும் முட்டையும் அடித்த கலவை, அதில் பட்டைத்தூள், ஆரஞ்சுத் தோல் துருவல், வெண்ணெயில் பொன்னிறமாக முறுகும் ஓரம் என்று சகல ராஜமரியாதையும் வேண்டும். அண்ணனும் தம்பியும் மேசையில் உட்கார்ந்து, "இன்னொண்ணு வரட்டும்" என்பார்கள். அண்ணன் மனைவியான ஓரகத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடப்பாள். கடைசியில் இரண்டு பெண்களுக்கும் மிஞ்சுவது, ஆறிப்போய் ஈரத்துணி மாதிரி தொய்ந்த துண்டுகள். போன விடுமுறையில் ஸ்பானர் தனக்கென்று ஒன்றை மூடி வைத்துப் பார்த்தாள். ஆவி தண்ணீர் விட்டு அதுவும் சொதசொதவென்று ஆகிவிட்டது.

டிப்போவில் இந்தக் கதையே கிடையாது. மணி அடித்தால் மேலாளர் முதல் கூட்டுகிறவர் வரை ஒரே பெஞ்சு, ஒரே சூடு. அங்கே மனுஷியாகச் சாப்பிடுகிறவள் வீட்டில் மட்டும் ஏன் மிச்சம் மீதியைத் தின்ன வேண்டும்? கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்று காலை முதல் இரண்டு துண்டுகள் வெந்ததும் தட்டில் எடுத்தாள், அடுப்பை அணைத்தாள். வெளியே வந்து கணவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆகா, வந்துடுச்சு" என்று அண்ணன் கையை நீட்டினார்.

"இது எனக்கு, மாமா."

"வெளையாடுறியா? நாங்க இன்னும் சாப்பிடவே இல்ல."

"நானும்தான் சாப்பிடல."

கணவன் குனிந்து கிசுகிசுத்தான். "மானத்தை வாங்காத. இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"அட்ஜஸ்ட் பண்ணிப் பண்ணியே என் நாக்கு செத்துப்போச்சு. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அடுப்பு எரியாது."

சொல்லிவிட்டு ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மொறுக்கென்ற சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்களா? ஏய், கிளம்பு. ஓட்டல்ல சாப்பிட்டுக்கலாம்."

"தாராளமா போயிட்டு வாங்க, மாமா" என்றாள் ஸ்பானர்.

ஓரகத்தி கிளம்பவில்லை. கையில் வெறும் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தவள், மெல்ல வந்து புருஷன் காலிசெய்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்பானர் இரண்டாவது துண்டை அவள் தட்டில் வைத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க, அக்கா."

ஓரகத்தி ஓரத்தைக் கடித்தாள். கண்ணை விரித்தாள். இத்தனை வருஷமாக இதைத் தட்டுத் தட்டாகச் சுமந்தவள் அவள்.

"அடியே, இது மொறுமொறுன்னா இருக்கும்?"

அதைக் கேட்டதும் ஸ்பானருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி எந்த விடுமுறைக்கும் இவளோ தானோ கடைசியில் சாப்பிடப்போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள்.

அண்ணன் செருப்பை மாட்டுவதா வேண்டாமா என்று வாசலில் நின்றார். பசி தாங்காத தம்பி முனகிக்கொண்டே சமையலறைக்குள் போனான். பாத்திரங்கள் உருண்டன.

"தீப்பெட்டி எங்க வச்சிருக்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மேசையில் பெண்கள் இரண்டு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள்.