ஜன்னலோர மேஜையில் சோதித்த மதர்போர்டு

என் வீட்டுக்காரர் தியோடருக்கு ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜீவனஹள்ளி வீட்டு ஹாலில் யூடியூப். கையில் அதிகம் காசில்லாமல் ஆசை மட்டும் நிறைய இருக்கிறவர்களுக்காக, விலை குறைந்த மதர்போர்டுகளைத் தானே வாங்கிச் சோதித்துத் தமிழில் சொல்வார். கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுப்பதைத் தொடமாட்டார். அந்த நேர்மையில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கட்டிக்கொண்டவள் சொல்கிறேன்.

ஜனவரியில் ஒரு போர்டு வந்தது. அதைக் கேபினெட் பெட்டிக்குள் மாட்டாமல், ஜன்னலோர மேஜையில் திறந்தபடி வைத்து, பெரிய பிராசசரைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டினார். எங்கள் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, "கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். அவர் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

ஏப்ரலில் தர்ஷினி என்ற பெண் வீடியோவின் கீழே எழுதினாள். வேலூரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். இவர் பேச்சை நம்பி அதே போர்டை வாங்கி, தன் கையாலேயே மெஷினைச் சேர்த்திருக்கிறாள். அரை மணி நேரம் ஓடினாலே படுத்துவிடுகிறதாம். "போர்டுல தப்பு இல்ல. பிராசசர் மேல வர்ற கூலர நீங்க சரியா மாட்டல. கழட்டி மாட்டுங்க" என்று இவர் பதில் போட்டார். அவள் மறுபடியும் எழுதினாள். இவரும் அதையே திரும்பப் போட்டார்.

மே மாதம் அந்தப் பதில்களை நான் படித்தேன். நான் பிறந்தது வேலூரில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, அந்தப் பொண்ணு ரூம் இப்ப எப்படிக் கொதிக்கும்னு யோசிச்சீங்களா?"

"போர்டுக்கு ஊர் ஏது?"

"நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, ஜன்னல தொறந்து வெச்சுப் பாத்தீங்க. உங்க வீடியோவப் பாக்கறவங்க முக்காவாசிப் பேரு வேலூர், சேலம், மதுரை."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. போய் அந்தப் போர்டைக் கேபினெட்டில் மாட்டி மூடினார். ஜன்னலைச் சாத்தினார். பரணிலிருந்து ரூம் ஹீட்டரை இறக்கிப் போட்டார். வியர்வை வழிய நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியில் சூடு நூறு டிகிரியைத் தாண்டியது. இருபத்தைந்தாவது நிமிடம் வேகம் பாதியாகக் குறைந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் கோபம் தீரவில்லை.

தர்ஷினியிடம் நம்பர் கேட்டு வாங்கி, அன்றைக்கே ஸ்பீக்கரில் போட்டு போன் செய்தார்.

"தர்ஷினி, தப்பு என்னுதும்மா. அந்த போர்டு சூடு தாங்கல. நான் சரியா பாக்காம சொல்லிட்டேன்."



"அப்ப நான் சரியாதான் மாட்டியிருந்தேனாண்ணா?"

"சரியாதான்மா மாட்டியிருந்தே."

"பதினோரு தடவ கழட்டி மாட்டினேன். நீங்க சொன்னா சரியாதான் இருக்கும், எனக்குத்தான் இந்த வேலை வரலைன்னு விட்டுட்டேன். இப்ப துணிக்கடைக்கு வேலைக்குப் போறேண்ணா."

"மெஷின் இருக்கில்ல? வேற போர்டு நான் அனுப்பறேன்."

"போன வாரம் வித்துட்டேன். காட்பாடியில ஒரு அக்கா, என்ன மாதிரியே எடிட்டிங் பண்றவங்க. வாங்கலாமா வேணாமான்னு ரொம்ப யோசிச்சாங்க. உங்க வீடியோவக் காட்டினேன், வாங்கிக்கிட்டாங்க."